நாற்காலி போட்டவள்

மே 12, 2048. செவ்வாய்.

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். நான்கு நாற்காலி போட வேண்டிய இடத்தில் ஐந்து போட்டுவிட்டேன். பழக்கதோஷம் என்றார் இருதயராஜ் அண்ணன். கவனக்குறைவு என்று நான் நினைக்கிறேன். இரண்டும் ஒன்றுதானா என்று யோசிக்க வேண்டும்.

அதற்கு மேல் எழுத நிறைமதிக்குக் கை ஓடவில்லை. ‘சிறிய’ என்ற சொல்லை அடித்தாள். அடித்தது மிகையோ என்ற சந்தேகம் வந்து, மேலேயே மறுபடியும் எழுதினாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஓசூர் தொழிற்பேட்டையில் பேட்டரி செய்யும் ஆலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க மின்கலங்களை எடுத்து, அளந்து, தேறியது ஒரு தட்டிலும் தேறாதது இன்னொரு தட்டிலுமாகப் பிரித்துவைப்பாள். அந்தப் பழக்கமோ என்னவோ, மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதிவந்தாள். என்ன படித்தார்கள், யார் என்ன கேட்டார்கள், தனக்கு எது புரியவில்லை. புரியாதவைதான் எப்போதும் அதிகப் பக்கம் பிடித்தன.

வகுப்பு நூலக மாடியில் நடந்தது. அரசியல் தத்துவம், தொடக்க நிலை. நடத்தியவர் சௌந்தரா என்ற நர்ஸ். சம்பளமில்லாமல், ஆசைக்காக நடத்தினார். ஐந்து பாடம் ஒழுங்காகப் போயிற்று. ஆறாவது பாடம் அரசின்மை. யாரும் யாரையும் ஆளாமல் மனிதர்கள் சேர்ந்து வாழ முடியுமா என்பது கேள்வி. அதைத் தொடங்கிய மூன்றாம் வாரமே எல்லாம் கெட்டது. இப்போது சௌந்தரா வகுப்புக்கு வரக் கூடாது என்று உத்தரவு. மற்ற நால்வரும் வந்தே ஆக வேண்டும்.

வந்தார்கள். அன்று மாலை ஐம்பது நிமிடம் உட்கார்ந்தார்கள். ஆறு ஐம்பதுக்குக் கதவில் பதித்த மின்திரையில் பெயர் விழுந்தது.

பொறுப்பாளர்: கு. சௌந்தரா.

இருதயராஜ்தான் முதலில் சிரித்தார். லேத் பட்டறைக்காரர், சாவு வீட்டிலும் சிரிப்பு வரும் ஆள். “அந்தம்மா வீட்டுல சோறாக்கிட்டு இருக்கும். இங்க தலைவியாயிருச்சு.”

“வாயை மூடுங்கண்ணே,” என்றாள் ஹசீனா. பேக்கிங் பிரிவில் இரண்டாம் ஷிப்டு பார்ப்பவள். அவள் திரையைப் பார்க்கவில்லை. ஐந்தாவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் காத்திருந்த கூடுகை ஆய்வாளர் குணசீலன் கையில் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அந்தக் காலி நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“ஆளே இல்லாத இடத்துல எப்படி சார் பேரு விழும்?” என்றார் முனிராஜ். பதினாறு வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவர். பஸ்கள் தாமாகவே ஓடத் தொடங்கியதும் கிடங்கில் மூட்டை அடுக்கப் போய்விட்டார்.

குணசீலன் கூரையைக் காட்டினார். அங்கே வெள்ளையாக ஒரு வட்டு ஒட்டியிருந்தது. அரசாங்கம் வைத்த பெயர் பொறுப்புமானி. ஊரில் எல்லோரும் தலைகாட்டி என்றார்கள். நான்கு பேர் கூடும் எந்தப் பொது இடத்திலும், தெருமுனை விளக்குக் கம்பத்திலும்கூட அது இருந்தது. கூட்டத்தில் தலை யார் என்று அது காட்டும்; கூட்டம் செய்த தவறுக்கு அந்தத் தலைதான் பொறுப்பு.

“இது உங்க பேச்சைக் கேக்காது. பார்க்கும். பேசறதுக்கு முன்னாடி எல்லாரும் எந்தப் பக்கம் திரும்பறாங்க, யாரு அசைஞ்சா மத்தவங்க அசையறாங்க, அவ்வளவுதான். நாலு பேரும் அம்பது நிமிஷம் இந்தக் காலி நாற்காலியைப் பாத்துப் பாத்துப் பேசியிருக்கீங்க. போன மாசம் வரைக்கும் இதுல யாரு உக்காந்திருந்தாங்கன்னு இதுக்குத் தெரியும்.” பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக்கொண்டார். “இதை யாரு போட்டது?”

“நான்தான் சார்,” என்றாள் நிறைமதி.

“நல்லா போட்டீங்க.”

முனிராஜுக்கு முகம் சிவந்தது. “ரோட்டை மறிச்சு நின்னது நாங்க எல்லாரும். அக்கா மேல மட்டும் பழியைப் போட்டா எப்படி?”

“ரோட்டுல நின்னீங்க. சரி. அன்னிக்கு உங்களுக்குப் பின்னாடி ஒரு ஆம்புலன்ஸ் நின்னுச்சு. உள்ள இருந்தவர் பேரு தெரியுமா?”

குணசீலன் பிளாஸ்க் மூடியைக் கீழே வைத்தார்.

“நாகப்பன். அம்பத்தோரு வயசு. பக்கவாதம். இருபத்திரெண்டு நிமிஷம் தாமதம். இப்ப இடது கை, இடது கால் வராது. அவரு சம்சாரம் வாரம் ஒரு தடவை என் ஆபீசுக்கு வருது. யாரு சார் பண்ணாங்கன்னு கேக்குது. யாரும் பண்ணலம்மா, எல்லாரும் சேந்து பண்ணாங்கன்னு சொல்லட்டுமா? உங்க பாடத்துல அதுக்கு ஏதாவது பதில் போட்டிருக்கா?”

“கம்பெனி பஸ்ஸு எங்க காலனி ஸ்டாப்பைத் தாண்டிப் போச்சு,” என்றாள் ஹசீனா. “ராத்திரி ஷிப்டு முடிஞ்சு பொம்பளைங்க நாலு கிலோமீட்டர் நடந்தோம். ரெண்டு மாசம் எழுதிக் குடுத்தோம். அதுக்கு யாரு தலைன்னு உங்க மெஷின் காட்டுச்சா?”

“அங்க யாரும் கூடலையேம்மா. எந்த ஸ்டாப்புல நிக்கறதுன்னு புரோகிராம் முடிவு பண்ணுது. நாலு பேரு உக்காந்தாத்தான் என் வேலை.” அவர் சிரிக்காமல் சொன்னார். “இப்ப கேளுங்க. சட்டத்துல மறுஆய்வுன்னு ஒரு வழி இருக்கு. தொடர்ந்து மூணு அமர்வு ‘தலை இல்லை’ன்னு வந்தா, இந்தக் குழுவுக்கு எப்பவுமே தலை இல்லைன்னு எடுத்துக்குவோம். அந்தம்மா பேரு நீங்கிரும். ஜூன் மூணு சாயங்காலம் கோப்பு மூடுது. மிச்சம் சரியா மூணு செவ்வாய்க்கிழமை. இன்னிக்கு ஒண்ணு கூடுதலா கையில இருந்துச்சு. நாற்காலியில போயிருச்சு.”

“மூடினா?”

“நர்ஸ் பதிவு இப்ப முடக்கம். அப்புறம் ஒரேயடியா ரத்து. இந்த ஜென்மத்துல ஊசி போட முடியாது.” எழுந்து நின்றவர் ஏதோ நினைவு வந்ததுபோலத் திரும்பினார். “இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கே கையால எழுதின காகிதம் எதாவது இருந்தா, யாரு கூப்பிட்டா, யாரு முடிவெடுத்தான்னு, அது மெஷினை வெட்டும். இப்ப உக்காந்து எழுதாதீங்க. மையோட வயசைப் பாத்துருவோம்.”

நிறைமதி மடியில் இருந்த நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பாடக் குறிப்புதானே, என்று நினைத்துக்கொண்டாள்.

*

அந்த வாரம் முழுக்க அவள் விதிகள் எழுதினாள். ஆலையில் ஒரு மின்கலம் தேறாவிட்டால் யாரையும் திட்ட மாட்டார்கள். செய்முறையில் எங்கே ஓட்டை என்று பார்ப்பார்கள். ஐந்தாவது நாற்காலியும் அப்படித்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். செய்முறையைச் சரிசெய்தால் போதும்.

மே 19 அன்று அரை மணி முன்னதாகப் போய் நான்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தாள். கண்கள் யார்மீதும் தங்கக் கூடாது என்பதால் வட்டத்தின் நடுவில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தாள். பேச்சு செம்பைப் பார்த்துத்தான். யார் முதலில் பேசுவது என்று சீட்டு எடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் அவள் பென்சிலை உயர்த்துவாள்.

“செம்பைப் பாத்துப் பேசணுமாம்,” என்றார் இருதயராஜ். “கடைசில பொறுப்பாளர் செம்புன்னு வந்துச்சுன்னா, அதைப் பிடிச்சு உள்ள போடுவானா?”

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு,” என்றார் முனிராஜ்.

“விளையாடாம அழட்டுமாப்பா? தலையில்லாம வாழறது எப்படின்னு படிக்க வந்தோம். கழுத்து சுளுக்கிக்கிச்சு.”

ஆறு மணிக்குக் கூரை வட்டில் பச்சை விளக்கு எரிந்தது. முதல் சீட்டு முனிராஜுக்கு வந்தது. செம்பைப் பார்த்துப் பேசினார்.

“பஸ்ஸுல அறுபது பேரு உக்காந்திருப்பாங்க. ஸ்டியரிங் என் கையில. எந்த கியர் போடறதுன்னு அறுபது பேரைக் கேட்டுப் போட முடியாது. அப்ப நான் அவங்களை ஆண்டேன்னு அர்த்தமா? எனக்கு இதுதான் புரியல.”

அடுத்தது ஹசீனா. “இறங்கினதும் நீ யாரோ, நான் யாரோ. அதுதான் வித்தியாசம். வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் வண்டி ஓட்டட்டும். அதுக்காக என் வீட்டுல என்ன கொழம்புன்னு அவன் சொல்லக் கூடாது. எங்க போகணும்னு ஏர்றதுக்கு முன்னாடி நாந்தான் சொல்லுவேன்.”

“ஸ்டாப்புல நிறுத்தலேன்னா?” என்றார் முனிராஜ்.

நிறைமதி பென்சிலை உயர்த்தினாள். அது ஹசீனாவின் நேரம்; முனிராஜ் பேசக் கூடாது. அவர் வாயில் பாதிச் சொல் இருந்தது. அப்படியே நின்றது. பெரிய உடம்பு, பெரிய குரல், பதினாறு வருடம் சாலையில் எல்லோரையும் ஒதுங்க வைத்த மனிதர். ஒரு பென்சிலுக்கு நின்றார்.

நிறைமதிக்கு நெஞ்சுக்குள் இதமாக ஏதோ பரவியது. அன்றிரவு அதை எழுதலாமா என்று யோசித்தாள். பாடத்தோடு சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டாள்.

ஆறு ஐம்பது. திரையில் இரண்டே சொல்: தலை இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை அவள் சௌந்தராவைப் பார்க்கப் போனாள். பாகலூர்ப் பக்கம் ரோஜா கட்டும் கொட்டகை ஒன்றில் சௌந்தரா தினக்கூலிக்கு நின்றுகொண்டிருந்தார். குளிரூட்டிய கொட்டகை. கம்பளித் தொப்பி, கையுறை. முள் ஒடித்து, இருபது இருபதாக அடுக்கி, காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார். கையுறை விரல் நுனிகளில் ரத்தம் காய்ந்திருந்தது.

“நடுவுல செம்பு வெச்சு, அதைப் பாத்துப் பேசி ஒரு அமர்வு தேறிருச்சுக்கா. இன்னும் ரெண்டுதான்.”

“யாரு உன்னை வரச் சொன்னது?” என்றார் சௌந்தரா. நிமிரவில்லை.

“யாரும் சொல்லல. நானாத்தான்.”

“என்கிட்ட நாலு பேரு நின்னு பேசினா இங்கயும் ஒரு வட்டு இருக்கு. பாத்தியா? வேலையும் போயிரும். போயிரு.”

“நாம ரெண்டு பேருதானேக்கா இருக்கோம்.”

“இந்தக் கணக்கெல்லாம் நல்லா வரும் உனக்கு.” கட்டின பூவை வாளியில் எறிவதுபோல வைத்தார். “எனக்காக நீங்க யாரும் செம்பைச் சுத்தி உக்கார வேண்டாம். அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டிருந்தா போதும்.”

“என்ன சொன்னீங்க?”

சௌந்தரா அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

“வேண்டாம்னு சொன்னேன். அந்த ரோட்டுலதான் ஆஸ்பத்திரி வண்டி வரும்னு சொன்னேன். ஆய்வாளர் முன்னாடி முனிராஜைக் கேட்டாங்க. ‘அக்கா எங்க கூடத்தான் வந்தாங்க’ன்னார். ஹசீனாவும் அதேதான். பொய் இல்ல. கூட வந்தேன். முன்னாடி நின்னேன். கோபத்துல இருந்தாங்க, அவங்களுக்கு ஞாபகம் இல்ல. உனக்குமா இல்ல? நீதான் எல்லாத்தையும் எழுதுவியே.”

“நான் பாடம் மட்டும்தாங்கா எழுதுவேன்.”

“அப்படியா,” என்றார் சௌந்தரா. அடுத்த இருபது பூவை எண்ணத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் நோட்டு பைக்குள்தான் இருந்தது. மார்ச் மாதப் பக்கங்கள் முன்பாதியில் எங்கோ இருக்கும். பஸ் ஆடுகிறது, படித்தால் தலை சுற்றும் என்று அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் துணி துவைக்க வேண்டியிருந்தது. பிறகு அடுத்த அமர்வுக்கான விதிகளைத் திருத்த வேண்டியிருந்தது.

*

மே 26. நாற்காலி, செம்பு, சீட்டு, பென்சில். தலை இல்லை.

குணசீலன் திரையைப் படம் பிடித்துக்கொண்டு போனதும் சண்டை தொடங்கியது. தொடங்கியவள் ஹசீனா.

“அடுத்த வாரத்தோட இந்தக் கூத்து முடியட்டும். அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன் மதி.”

“நான் என்னக்கா பண்ணேன்?”

“நீ தூக்கினா பேசணும், நீ தூக்கினா நிறுத்தணும். இன்னிக்கு எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல, சீக்கிரம் பேசிட்டுப் போறேன்னேன். சீட்டு வரலேன்னுட்ட.”

“அது விதிக்கா. எல்லாருக்கும் ஒண்ணுதான். எல்லாரும் ஒத்துக்கிட்டதுதானே?”

“எழுதினது யாரு?”

“நான். ஆனா...”

“நாற்காலி போடறது யாரு?”

“யாராவது போடணுமேன்னுதான்.”

“சூப்பர்வைசரும் இதையேதான் சொல்றான். யாராவது பாத்துக்கணுமே, அதான் நான் பாத்துக்கறேன்னு. அவனையாவது திட்டலாம். நீ மூஞ்சியை இப்படி வெச்சுக்கற. திட்டவும் முடியல.”

முனிராஜ் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “விடும்மா. அந்தப் பொண்ணு பண்ணலேன்னா நாம நாலு பேரும் அடிச்சுக்கிட்டு நிப்போம்.”

“அடிச்சுக்கிட்டா என்ன? அது நம்ம சண்டையா இருக்கும்.”

இருதயராஜ் செம்புத் தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றினார். “தலைவர் செம்பு அவர்களுக்கு வந்தனம்,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஹசீனா சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று அந்த வாரம் நிறைமதி நோட்டில் இரண்டு பக்கம் எழுதினாள். இருக்கலாம் என்று வந்தது. அப்படியானால் தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜூன் இரண்டு அமர்வில் அவள் பேசவே மாட்டாள். சீட்டில் தன் பெயரைப் போட மாட்டாள். நேரம் மட்டும் பார்ப்பாள். பேசாதவள் எப்படித் தலையாக முடியும்? செய்முறையில் இருந்த கடைசி ஓட்டையும் அடைபட்டதாகத் தோன்றியது.

*

ஜூன் 2. மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாற்காலிகளை அளந்து போட்டுவிட்டு நிறைமதி தன்னுடையதை மட்டும் அரை அடி பின்னுக்கு இழுத்தாள்.

அன்றைய அமர்வு மிக அமைதியாக நடந்தது. கோபமெல்லாம் வெளியே செருப்போடு விடப்பட்டிருந்தது. முனிராஜ், தன் கிடங்கில் மேஸ்திரி வராத நாட்களில் மூட்டைகள் எப்படியோ சரியாக அடுக்கப்பட்டுவிடுவதைப் பற்றிப் பேசினார். இருதயராஜ்கூட ஒரு முறை ஜோக் இல்லாமல் பேசினார். மனைவி இறந்த வாரம் தெருவில் யாரும் சொல்லாமலே முறைபோட்டுச் சோறு வந்ததைச் சொன்னார். “யாரு ஏற்பாடு பண்ணாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேக்கவும் தோணல.” ஹசீனா செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் பாடம் என்று நிறைமதிக்குத் தோன்றியது. மூன்று மாதமாகப் புரியாதது இப்போது புரிவதுபோல இருந்தது. இருதயராஜின் மூன்று நிமிடம் முடிந்திருந்தது. பென்சிலை உயர்த்தினாள். அவர் நிறுத்தினார்.

ஆறு ஐம்பது. கதவுத் திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது.

பொறுப்பாளர்: ம. நிறைமதி.

ஏதோ இயந்திரக் கோளாறு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். குணசீலன் உள்ளே வந்து திரையைப் படித்தார். அவருக்கு வியப்பு இல்லை.

“நான் பேசவே இல்ல சார். ஒரு வார்த்தைகூட.”

“தெரியும். பேசறவனைக் கண்டுபிடிக்க மெஷின் எதுக்கும்மா? என் ஆபீஸ் பியூன் கண்டுபிடிப்பான்.” தன் கையடக்கத் திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்று உருவங்களின் பார்வை கோடுகளாக வரையப்பட்டிருந்தது. செம்புக்குச் சில கோடுகள் போயின. மற்றவை எல்லாம் அரை அடி பின்னால் இருந்த நாற்காலியில் போய்ச் சேர்ந்தன. “வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்க பென்சிலைப் பாக்கறாங்க. முடிக்கறதுக்கு முன்னாடி பாக்கறாங்க. தும்மறதுக்கு முன்னாடியும் பாக்கறாங்க.”

“போன ரெண்டு வாரமும் பென்சில் இருந்துச்சே.”

“இருந்துச்சு. அப்ப நீங்களும் சீட்டு எடுத்தீங்க, உங்க முறைக்குக் காத்திருந்தீங்க. விதிக்குக் கீழ நாலு பேரும் ஒண்ணா இருந்தீங்க. இன்னிக்கு நீங்க மட்டும் வெளிய வந்து மேல நின்னுட்டீங்க.” திரையை அணைத்தார். “மறுஆய்வு தோத்துப்போச்சு. பழைய முடிவுதான் நிக்கும். நாளைக்கு அஞ்சு மணிக்குக் கோப்பு மூடறேன். இன்னிக்கு விழுந்த பேரால உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. இங்க நீங்க தப்பு எதுவும் செய்யல. வீட்டுக்குப் போகலாம்.”

அவருடைய காலடி படியில் இறங்கிப் போனது. கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

“அப்பவே சொன்னேன்,” என்றாள் ஹசீனா. குரல் உயரவில்லை. “சந்தோஷமா?”

நிறைமதி பையைத் திறந்தாள். நோட்டை எடுத்து முன்பாதியைப் புரட்டினாள். தேட வேண்டியிருக்கவில்லை; கை நேராக அந்தப் பக்கத்துக்குப் போயிற்று. எழுந்து நின்று படித்தாள். வகுப்பில் பாடம் வாசிக்கும் குரலில்தான் வந்தது. வேறு குரல் அவளிடம் இல்லை.

“மார்ச் 10, செவ்வாய். பாடம் ஆறு, மூன்றாம் வாரம். காலனி பஸ் பற்றிப் பேச்சு வந்தது. இன்றே போய்ச் சாலையில் நிற்கலாம் என்றார் முனிராஜ் அண்ணன். சௌந்தரா அக்கா வேண்டாம் என்றார். அந்தச் சாலையில்தான் ஆஸ்பத்திரி வண்டி வரும் என்றார். இரண்டு முறை சொன்னார். பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. நேரமாகிறது என்று நான் கை தூக்கச் சொன்னேன். எண்ணினேன். நான்குக்கு ஒன்று. முடிந்தது என்றேன். எல்லோரும் எழுந்தார்கள். யாருக்காவது அடிபட்டால் நான் வேண்டுமே என்று அக்கா கடைசியாக எழுந்து வந்தார். குறிப்பு: இன்று விவாதத்தை நேரத்துக்குள் முடித்தேன். முன்னேற்றம்.”

அவள் படித்த நேரத்தில் யார் யாரைப் பார்த்தார்கள் என்று வட்டு குறித்துக்கொண்டிருந்திருக்கும்.

“இதை இத்தனை நாளா பையிலயே வெச்சிருந்தியா?” என்றாள் ஹசீனா.

“பாடக் குறிப்புன்னு நினைச்சேன்.”

“நினைச்சியா?”

“இல்ல,” என்றாள் நிறைமதி. “திறக்காம வெச்சிருந்தேன்.”

ஹசீனா ஓரடி முன்னால் வந்தாள். அடித்துவிடுவாள் என்று நிறைமதி நினைத்தாள். அடிக்கவில்லை.

“அந்தம்மா கையெல்லாம் முள்ளு குத்திக்கிட்டு நிக்குது. நீ இங்க டேப் வெச்சு நாற்காலி அளந்த.”

“கை தூக்கினது நாமதானே,” என்றார் முனிராஜ். “நான்தான் கத்தினேன். அக்கா சொன்னது என் காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி இருந்துட்டேன். நாலு பேரும் போய்ச் சொல்லலாம்.”

“பொறுப்பு ஏத்துக்கற படிவத்துல ஒரு கோடுதான் இருக்கு,” என்றார் இருதயராஜ். “ஒரு பேரு, ஒரு கையெழுத்து. நாலு பேரு எழுதினா எச்சில் தொட்டு அழிப்பான்.”

நிறைமதி நோட்டை மூடினாள். நாளை இதைக் கொடுத்தால் தன் பெயர் பொறுப்பாளர் பட்டியலில் ஏறும். பாதுகாக்கப்பட்ட ஆலை எதிலும், இப்போதுள்ள பேட்டரி ஆலையிலும், கால் வைக்க முடியாது. நாகப்பனின் மனைவி வாரம் ஒரு முறை வந்து யார் என்று கேட்கும்போது, கையைக் காட்ட ஒரு முகம் இருக்கும்.

“கொடுத்தா அவன் மெஷின் சொன்னது சரின்னு ஆகும்,” என்றாள் ஹசீனா. “எல்லாக் கூட்டத்துக்கும் ஒரு தலை உண்டு, தேடினா கிடைக்கும்னு இனிமே உன்னையே காட்டுவான்.”

“கொடுக்கலேன்னா?”

“அக்கா கதை முடிஞ்சுது.”

“அப்ப நான் என்னக்கா பண்ணட்டும்?”

ஹசீனா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். “என்னைக் கேக்காத. மூணு வாரமா எங்களுக்கெல்லாம் நீ சொன்ன. உனக்கு நான் சொல்ல மாட்டேன்.” கதவருகே நின்று, திரும்பாமலே சொன்னாள்: “யாரும் சொல்ல மாட்டாங்க.”

அவள் போனாள். முனிராஜும் இருதயராஜும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். வழக்கமாக நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்ப்பது நிறைமதிதான். அன்று இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதில் ஒன்றில் உட்கார்ந்து எழுதினாள்.

ஜூன் 2, 2048. செவ்வாய்.

மே 12 அன்று ‘சிறிய தவறு’ என்று எழுதியிருக்கிறேன். ஐந்து நாற்காலி போட்டது சிறியதுதான். அதை எழுதியதால் மற்றதை எழுதாமல் இருந்துவிட்டேன். மார்ச் 10 பக்கத்தில் ‘முன்னேற்றம்’ என்று இருக்கிறது. அதை அடிக்கவில்லை. அடித்தால் செல்லாது.

பென்சிலை உயர்த்தும்போது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

அரசின்மை பற்றி எனக்கு இன்னும் புரியாதது: எல்லோரும் சேர்ந்து செய்த ஒன்றுக்கு, தலை என்று யாரையும் காட்டாமல், நாகப்பன் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது. புத்தகத்தில் தேடினேன். போய்த்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

நாளை: காலை ஆலைக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். பத்து மணிக்குக் கூடுகை அலுவலகம். பக்கத்தைக் கிழிக்காமல் நோட்டோடு கொடுக்க வேண்டும். திருப்பித் தருவார்களா என்று கேட்க வேண்டும். நாகப்பன் வீட்டு முகவரி வாங்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கு நாற்காலி யார் போடுவது என்று யாரிடமும் சொல்லிவைக்கக் கூடாது.